ரிப்போர்ட்டில் வைரஸ், கொட்டகையில் நோயில்லை: என்ன செய்வது?

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். தாய்ப்பன்றி 18, கிடா 2, குட்டிகளையும் சேர்த்தால் 150 உருப்படி தேறும். ஓட்டல் கழிவும் கொஞ்சம் அடர்தீவனமும் கொடுக்கிறோம். கொட்டகை மாந்தோப்புக்குள் இருக்கிறது. ஆய்வுக்காக வந்தவர்கள் 20 பன்றிகளிடம் ரத்தமும் மூக்குச் சளியும் எடுத்துப் போனார்கள். இப்போது ரிப்போர்ட் வந்திருக்கிறது. 9 பன்றிகளில் சர்க்கோ வைரஸ் 2 இருக்கிறதாம். 4-ல் பார்வோ வைரஸ். அதில் 3 பன்றிகளில் இரண்டுமே இருக்கிறதாம். பன்றிக் காய்ச்சலுக்கு 14-ல் ஆன்டிபாடி பாசிட்டிவ். தடுப்பூசி போன வருடம் போட்டோம். எல்லாமே நன்றாகத் தீனி எடுக்கின்றன, ஒன்றுகூடப் படுக்கவில்லை. போன மாதம் ஒரு தலைச்சன் ஈற்றில் மட்டும் 3 குட்டி கருகிப்போய் விழுந்தது, வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டோம். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாக வாங்கலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆபத்தா? மருந்துக்கடைக்காரர் தீவனத்தில் ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கலக்கச் சொல்கிறார், கலக்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக்கும் கலக்க வேண்டாம். பிள்ளைகளைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அங்கே கவனிக்க வேண்டியவை உண்டு, ஆனால் அவை உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற வைரஸ்கள் இல்லை.

முதலில் சர்க்கோ. 20-ல் 9 என்று பார்த்ததும் பாதிப் பண்ணை போய்விட்டது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பன்றி வளர்க்கிற எந்த நாட்டிலும், நோய் தெரியாத பண்ணைகளில் ரத்தம் எடுத்துச் சோதித்தால் சர்க்கோ 2 வராத பண்ணையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குட்டி பால் மறந்து, சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி தீர்கிற சமயத்தில், ஏறக்குறைய 2 முதல் 4 மாத வயதுக்குள், பெரும்பாலான குட்டிகளுக்கு இது ஒட்டிவிடும். சாணத்தில் வரும், சளியில் வரும், கிடாவின் விந்திலும் வரும். ஒட்டிய குட்டிகளில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாமலே வளர்ந்து விற்பனைக்கும் போய்விடும்.

அப்படியானால் இதற்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்? 1990-களில் கனடாவின் மேற்குப் பகுதியில், வேறு நோய்கள் அதிகம் இல்லாத சுத்தமான பண்ணைகளிலேயே, பால் மறந்த குட்டிகள் இளைத்து, வெளிறி, மூச்சு வாங்கிச் செத்தன. பிறகு அதே கதை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நடந்தது. காரணம் என்று பிடிபட்டது இந்த வைரஸ். ஆனால் ஜெர்மனியில் சேமித்து வைத்திருந்த பழைய பன்றித் திசுக்களைத் தோண்டிப் பார்த்தபோது 1962-ஆம் ஆண்டு மாதிரியிலேயே இது இருந்தது. அதாவது 30 வருடம் பன்றிக்குள் சத்தமில்லாமல் குடியிருந்த வைரஸ் அது. ஆய்வுக்கூடத்தில் சர்க்கோவை மட்டும் குட்டிக்கு ஏற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. கூடவே பார்வோவை ஏற்றினார்கள், அல்லது சினையையும் மூச்சையும் கெடுக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸை, அல்லது நுரையீரலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மாவை. அப்போதுதான் குட்டி இளைத்தது.

ஏன் அப்படி என்பதும் தெரிந்த விஷயம்தான். பாலூட்டிகளைத் தாக்கும் வைரஸ்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று இது. தன்னைப் பெருக்கிக்கொள்ளும் கருவி முழுவதும் இதன் கையில் கிடையாது. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் கருவியைத்தான் இது பயன்படுத்த வேண்டும். இன்னொரு நோய் உள்ளே வரும்போது உடம்பின் காவல் செல்கள் விழித்துக்கொண்டு பெருக ஆரம்பிக்கும் இல்லையா, சர்க்கோவுக்கு வேண்டியது அதுதான். அந்தச் செல்களுக்குள்ளேயே பெருகி, நெறிகட்டும் இடங்களையெல்லாம் காலி செய்துவிடும். அப்புறம் சாதாரணமாக மூக்கில் இருந்துவிட்டுப் போகிற பாக்டீரியாகூட நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் 9 என்ற எண் என்னை உறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கிற அந்த 3 பன்றிகள்தான் கவனத்துக்குரியவை. அவை எந்த வயது, எந்த அறை, ஒரே தாயின் குட்டிகளா என்று பாருங்கள். மூன்றும் ஒரே அறையில் இருந்தால் அந்த அறையில் ஏதோ சரியில்லை: நெரிசலா, ஈரமா, காற்றோட்டம் இல்லையா, பல ஈற்றுக் குட்டிகளை ஒன்றாகக் கொட்டி வைத்திருக்கிறீர்களா என்று தேட வேண்டும்.

ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சி.டி. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். அந்த எண் சிறியதாக இருந்தால் வைரஸ் அதிகம், பெரியதாக இருந்தால் குறைவு. ஏறக்குறைய 3 எண் குறைந்தால் வைரஸ் 10 மடங்கு கூடியிருக்கிறது என்று கணக்கு. 36, 37 என்று இருந்தால் வைரஸ் வந்து போன தடயமாகக்கூட இருக்கலாம். 20-ஐ ஒட்டி இருந்தால் அந்தப் பன்றியைத் தனியாகப் பார்க்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தின்றாலும் சரி.

தின்கிறது, படுக்கவில்லை, அதனால் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பண்ணைக்காரர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். 2006-ஐ ஒட்டி வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சர்க்கோ தடுப்பூசி சந்தைக்கு வந்தது. குட்டிகள் இளைத்துச் சாகிற நோய் வந்த பண்ணைகளில் சாவு குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நோயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பண்ணைகளிலும் ஊசி போட்ட குட்டிகள் கூடுதல் எடை போட்டன. ஒரு பன்றியும் படுக்காமலே அந்த வைரஸ் அவ்வளவு நாளும் எடையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

ஆகவே கண்ணை நம்பாமல் எடையை நம்புங்கள். தராசு இல்லாவிட்டால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், இரண்டையும் மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்கினால் கிலோ வரும். சுற்றளவு 0.9 மீட்டர், நீளம் 1 மீட்டர் என்றால் 56 கிலோ. ஒரே வாரத்தில் பிறந்த குட்டிகளை 2 மாதத்தில் ஒரு தடவை, 4 மாதத்தில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். எல்லாமே ஒன்றுபோல ஏறினால் நிம்மதியாக இருக்கலாம். ஒரே ஈற்றில் ஒன்று 50, இன்னொன்று 28 என்று பிரிந்தால் அங்கே ஏதோ நடக்கிறது.

இன்னொன்று, தீனி வைக்கும்போது தொட்டியைப் பார்க்காதீர்கள், தொட்டிக்கு வராததைப் பாருங்கள். முதலில் பாய்கிற பத்தும் நன்றாகத்தான் இருக்கும். எல்லாம் தின்று முடிக்கும்போது மெதுவாக எழுந்து வருகிற ஒன்றிரண்டு இருக்கும். அவற்றின் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள், ரோமம் படியாமல் சிலிர்த்து நிற்கிறதா, காதும் தோலும் வெளிறி இருக்கிறதா, பின்னங்கால் இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது இவற்றிடம்தான் எடுக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எளிதில் பிடிபடுகிற பன்றியைத்தான் பிடிப்பார்கள், அது இயல்பு.

சரி, இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். தலைச்சன் ஈற்றில் 3 குட்டி கருகி விழுந்தது என்று. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான்.

வெயில் தாங்காமல் சினைப்பன்றி அவதிப்பட்டால் கரு தங்காமல் போகும், அல்லது கடைசி நாட்களில் முழு வளர்ச்சி அடைந்த குட்டி செத்துப் பிறக்கும். காய்ந்து, கருத்து, தோல் எலும்போடு ஒட்டிய குட்டிகள் விழுந்தால் அவை வயிற்றுக்குள் வாரக்கணக்கில் முன்பே செத்தவை. மூன்றும் ஒரே அளவா, வெவ்வேறு அளவா என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று விரல் நீளம், ஒன்று கையளவு, இன்னொன்று அதைவிடப் பெரியது என்று படிப்படியாக இருந்திருந்தால், பார்வோவின் கைவரிசை என்று முதல் சந்தேகம் வர வேண்டும். அந்த வைரஸ் கர்ப்பப்பைக்குள் ஒரு குட்டியிலிருந்து அடுத்த குட்டிக்கு மெதுவாகப் போகும். அதனால்தான் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் சாகின்றன. தாய்க்கு ஒன்றுமே தெரியாது, ஒரு வேளைத் தீனியைக்கூட விடாது. 114 நாள் சினையில் ஏறக்குறைய 70-ஆவது நாளுக்குப் பிறகு குட்டியின் உடம்பே எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளும், பிழைத்துவிடும். அதனால் இப்படிச் சாகிற குட்டிகள் 16, 17 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். சினையின் முதல் 35 நாளுக்குள் தாக்கினால் எலும்பு உருவாகும் முன்பே கரைந்துவிடும். பன்றி மறுபடி சூட்டுக்கு வரும், அல்லது 4 குட்டி மட்டும் போடும். நாமும் ‘தலைச்சன், கொஞ்சம்தான் போடும்’ என்று விட்டுவிடுவோம்.

ஏன் தலைச்சனுக்கு மட்டும்? தாயிடம் வாங்கிய பார்வோ எதிர்ப்பு குட்டிக்கு 5, 6 மாதம்கூட நிற்கும். அது தீர்கிற சமயத்தில் அதைச் சேர்க்கைக்கு விட்டோமானால், வாழ்க்கையில் முதல் தடவையாக வைரஸைச் சந்திப்பது சினையோடு இருக்கும்போதுதான். மூத்த பன்றிகள் அதைக் கடந்து வந்தவை. ஆகவே இளம் பெண்பன்றியை 8 மாதத்துக்கு முன் சேர்க்கைக்கு விடாதீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மூத்த தாய்ப்பன்றிகளுக்குப் பக்கத்து அறையில், அவற்றின் சாணம் படுகிற மாதிரி விட்டுவையுங்கள். இந்த வைரஸ் தரையிலும் சாணத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அந்தப் பழக்கமே இயற்கைத் தடுப்பூசியாக வேலை செய்யும். பார்வோவுக்கு நிஜத் தடுப்பூசியும் உண்டு, உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் கிடைக்குமானால் சேர்க்கைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆனால் பார்வோ என்ற பெயரில் பல வகைகள் இருக்கின்றன. குட்டியைக் கருக்குவது முதல் வகை. 2001-க்குப் பிறகு கண்டுபிடித்த மற்றவை ஆரோக்கியமான பன்றிகளிலும் நிறையவே இருக்கின்றன. உங்கள் ரிப்போர்ட் எந்த வகையைச் சொல்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள்.

சர்க்கோவும் கருவைக் கருக்கும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் கருக்கும். அதனால் அடுத்த முறை இப்படி விழுந்தால் புதைக்க வேண்டாம். 16 சென்டிமீட்டருக்குக் குறைவான 2, 3 குட்டிகளை இரட்டைப் பையில் போட்டு, ஐஸ் வைத்து, அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

அடுத்து பன்றிக் காய்ச்சல் ஆன்டிபாடி, அதாவது அந்த நோய்க்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள். இந்த இடத்தில் நீங்கள் கவலைப்பட்டது 14-ஐப் பார்த்து, நான் கவலைப்படுவது மீதி 6-ஐப் பார்த்து. தடுப்பூசி போட்ட பண்ணையில் ஆன்டிபாடி இருக்கத்தான் வேண்டும். இப்போது போடும் ஊசியில் ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று அந்தச் சோதனையால் பிரிக்க முடியாது என்பது ஒரு குறைதான், ஆனாலும் 14 என்பது நல்ல செய்தி. ஆன்டிபாடி இல்லாத 6-உம் 2, 3 மாதக் குட்டிகளாக இருந்தால் தாய்ப்பால் பாதுகாப்பு தீர்ந்து, ஊசியும் போடாமல் நடுவில் நிற்கிறவை. 2 மாத வயதை ஒட்டி ஊசி போட்டுவிட வேண்டும், பிறகு வருடம் ஒரு தடவை.

பெரிய பன்றிகள் அந்த 6-ல் இருந்தால் வேறு கதை. ஊசி ஐஸில் வராமல் கெட்டிருக்கலாம். அல்லது சிரிஞ்சை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் போட்டிருக்கலாம். இது உயிருள்ள வைரஸ் ஊசி, ஸ்பிரிட் பட்டால் அந்த வைரஸ் மருந்துக்குள்ளேயே செத்துவிடும். கொதிக்க வைத்து ஆற வைத்த சிரிஞ்சும், ஒரு பன்றிக்கு ஒரு ஊசி முனையும்தான் வேண்டும். இல்லையென்றால் நாமே சர்க்கோவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றிவிடுவோம். சர்க்கோ அதிகம் ஏறிய குட்டிக்குப் பன்றிக் காய்ச்சல் ஊசி சரியாகப் பிடிப்பதில்லை என்றும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு சாத்தியம் உண்டு, அபூர்வம்தான், ஆனால் சொல்லாமல் விட முடியாது. தாய் சினையின் நடுப்பகுதியில் இருக்கும்போது பன்றிக் காய்ச்சல் வைரஸ் லேசாக வந்துபோனால், வயிற்றுக் குட்டி அந்த வைரஸைத் தன் உடம்பின் பகுதி என்றே ஏற்றுக்கொண்டுவிடும். எதிர்ப்பே காட்டாது. பிறக்கும்போது நன்றாக இருக்கும், மாதக்கணக்கில் தின்று விளையாடும், சோதித்தால் ஆன்டிபாடி நெகட்டிவ். ஆனால் மூச்சிலும் எச்சிலிலும் நாள் முழுக்க வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கொட்டகையிலேயே ஆபத்தான பன்றி அதுதான், பார்வைக்கு எந்தக் குறையும் இருக்காது. ஆகவே அந்த 6 பன்றிகளின் ரத்தத்தையும் ஆன்டிபாடிக்கு அல்ல, வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் வந்தால் விற்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. பன்றிக் காய்ச்சலும், பெயர் ஒத்திருந்தாலும் வேறு வைரஸால் வரும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டிய நோய்கள்.

எல்லாவற்றையும் விற்றுப் புதிதாக வாங்கலாமா என்று கேட்டீர்கள். புதிதாக வருகிறதும் சர்க்கோவோடுதான் வரும். கூடவே உங்களிடம் இதுவரை இல்லாததையும் கொண்டு வரலாம். பி.ஆர்.ஆர்.எஸ். இந்தியாவில் முதலில் 2013-ல் மிசோரமில் வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அருணாசலத்திலும் அசாமிலும் தொடங்கி, 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்து, அடுத்த வருடத் தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை எட்டிவிட்டது. அதற்கு நம் நாட்டில் பயன்பாட்டில் தடுப்பூசி இல்லை. உங்கள் பன்றிகளும் உங்கள் வைரஸ்களும் ஒன்றுக்கொன்று பழகி ஒரு சமாதானத்தில் இருக்கின்றன. அதைக் கலைக்காதீர்கள். கிடா ஒன்றை வெளியிலிருந்து வாங்கினாலும் ஒரு மாதம் தனியாக, வேறு ஆள் பார்த்துக்கொள்கிற இடத்தில் வையுங்கள்.

இதே காரணத்தால் எனக்கு உங்கள் ஓட்டல் கழிவுதான் ரிப்போர்ட்டைவிடப் பெரிய பயம். அதில் வேகாத பன்றித் துண்டு ஒன்று வந்தால் போதும். கழிவை 90 டிகிரியில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கொதி வந்ததும் இறக்கினால் நடுவில் இருக்கும் கட்டிச் சோறு வேகாமல் இருக்கும். வியாபாரியின் லாரியும் அப்படித்தான். அது உங்களுக்கு முன் எத்தனை பண்ணைக்குப் போய் வந்ததோ. கேட்டுக்கு உள்ளே விடாதீர்கள். பன்றிகளை வாசலுக்கு ஓட்டி வந்து ஏற்றுங்கள், ஏற்றிய பன்றி ஒன்றும் திரும்பி உள்ளே வரக் கூடாது.

கொட்டகைக்குள் செய்ய வேண்டியதில் புதுமை எதுவும் இல்லை. சர்க்கோவுக்கு ஊசி வருவதற்கு முன்பு, பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிரான்சுவா மதெக் என்ற ஆய்வாளர் 20 விதிகள் எழுதி வைத்தார். ஒரு மருந்தும் இல்லாமல், அவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்த பண்ணைகளில் குட்டிச் சாவு நன்றாகக் குறைந்தது. பெரும்பாலானவை நமக்கும் செல்லும். பால் மறந்த குட்டிகளை ஈற்று ஈற்றாக வையுங்கள், நாலு தாயின் குட்டிகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். வேறு தாயிடம் குட்டி மாற்றிவிட வேண்டுமென்றால் பிறந்த முதல் நாளோடு சரி. ஒரு சதுர மீட்டருக்கு 3 குட்டிக்கு மேல் வேண்டாம். அறைகளுக்கு நடுவே கம்பி வைத்திருந்தால் மூக்கும் மூக்கும் உரசும், அங்கே சுவர் எழுப்புங்கள். ஒரு அறை காலியானால் முழுதாகக் காலி செய்து, சாணத்தைச் சுரண்டிக் கழுவி, அதற்கப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்து, சில நாள் காய விடுங்கள். சாணத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் வீண். டெட்டால், ஸ்பிரிட் வகையெல்லாம் சர்க்கோவையும் பார்வோவையும் ஒன்றும் செய்யாது. இரண்டுக்கும் மேலே கொழுப்பு உறை கிடையாது, அதனால்தான் அவ்வளவு உறுதி.

சர்க்கோ ஊசி 3 வார வயதில் போடுவது. எடை அளந்து பார்த்தபின் குட்டிகள் ஏற்றத்தாழ்வாக வளர்கின்றன என்று தெரிந்தால் செலவு செய்யலாம். ஒன்றுபோல வளர்கின்றன என்றால் அந்தப் பணத்தைச் சுவருக்கும் வேலிக்கும் போடச் சொல்வேன். மற்ற மருத்துவர்கள் மாறுபடலாம்.

ஆன்டிபயாட்டிக் விஷயம் சுருக்கமாக. வைரஸை அது தொடாது. நோயே இல்லாத பன்றிக்குக் கொடுத்தால், நிஜமாக நிமோனியா வரும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போக வழி செய்கிறோம், அவ்வளவுதான். அவர் கொடுக்கும் பொட்டலத்தில் கொலிஸ்டின் என்று எழுதியிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அதை விற்பது 2019-லிருந்து இந்தியாவில் தடை.

இனி பிள்ளைகள். சர்க்கோவாலும் பன்றிப் பார்வோவாலும் மனிதருக்கு நோய் வருவதில்லை. இதற்கு யாரும் திட்டமிடாத ஒரு சோதனையே நடந்துவிட்டது. 2010-ல், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சொட்டாகக் கொடுக்கும் ரோட்டா தடுப்பு மருந்தில் பன்றிச் சர்க்கோவின் டி.என்.ஏ. இருப்பது தெரிய வந்தது. தயாரிப்பில் பயன்படும், பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கும் ஒரு பொருள் வழியாக வந்தது. அமெரிக்காவில் ஒரு பிராண்டைச் சில வாரம் நிறுத்திவைத்து, ஆராய்ந்துவிட்டு, மறுபடி அனுமதித்தார்கள். அதற்குள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான டோஸ் போட்டாயிற்று. எந்தக் குழந்தைக்கும் அதனால் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் பன்றிக் காய்ச்சலும் மனிதருக்கு வராது. பத்திரிகைகள் பன்றிக் காய்ச்சல் என்று எழுதுகிற சளிக்காய்ச்சல் வேறு, அது இன்ஃபுளுயன்சா. அது நம்மிடமிருந்து பன்றிக்கும் போகும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருமல் இருந்தால் அந்த வாரம் அவர் கொட்டகைக்குள் போக வேண்டாம்.

ரிப்போர்ட்டில் தேடாத வைரஸ்களைப் பற்றித்தான் வீட்டில் கவனம் வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஈ ஒன்று. 2, 3 மாதக் குட்டிகளிடம் அறிகுறியே இல்லாமல் இருக்கும், சாணத்தில் வரும். இறைச்சியை, முக்கியமாக ஈரலை, நன்றாக வேகவைத்துத் தின்றால் போதும், கொட்டகையிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இன்னொன்று ஜப்பானிய மூளைக்காய்ச்சல். 1955-ல் இந்தியாவில் இந்த வைரஸ் முதலில் அறியப்பட்டதே வேலூரில்தான். நெல் வயலில் பெருகும் கொசு, கொக்கு நாரையிடமிருந்து எடுத்துப் பன்றிக்குக் கொடுக்கும். பன்றியின் ரத்தத்தில் 2 முதல் 4 நாள் வைரஸ் பெருகிக் கிடக்கும், பன்றிக்கு ஒரு வாட்டமும் தெரியாது. அந்த நாளில் கடித்த கொசு பிள்ளையைக் கடித்தால் ஆபத்து. பன்றியைத் தொடுவதால் வராது. கொட்டகை வீட்டை ஒட்டி இருந்தால் தள்ளி அமையுங்கள், மாலையில் பிள்ளைகளை அங்கே விடாதீர்கள், கொசுவலை கட்டுங்கள். உங்கள் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாந்தோப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1998-ல் மலேசியாவின் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. சிலருடைய ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் தடயம் இருந்தது. அதுதான் காரணம் என்று முடிவு செய்து கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் செத்தார்கள். குழந்தைகளைத் தாக்கவேண்டிய நோய் பன்றியோடு புழங்கும் பெரிய ஆண்களை மட்டும் தாக்கியது ஏன் என்று சிலர் கேட்டார்கள். இதற்குள் பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை மலிவாக விற்க, நோய் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போய்விட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர்தான் இது வேறு வைரஸ் என்று கண்டுபிடித்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பா என்ற பெயரே வைரஸுக்கு வந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு, 10 லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள். அந்தப் பன்றிகளில் செத்தவை 100-க்கு 5-கூட இல்லை. பல பன்றிகள் லேசாக இருமின, பல இருமவும் இல்லை.

மலேசியாவில் நோய் தொடங்கிய பண்ணையில் கொட்டில்களுக்குப் பக்கத்திலேயே மாமரங்கள் இருந்தன. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழ, பன்றி தின்றிருக்கிறது. கேரளத்தில் 2018-லிருந்து வந்துபோகும் நிப்பாவில் பன்றிக்குப் பங்கு இல்லை, ஆனால் வௌவால்கள் நம் தோப்புகளிலும் இருக்கின்றன. மரத்தை வெட்டச் சொல்லவில்லை. கூரைக்கு மேலே வரும் கிளைகளைக் கழித்துவிடுங்கள், பன்றி நடமாடும் இடத்தில் வலை கட்டுங்கள், காய்ப்புக் காலத்தில் விழுந்த பழத்தைப் பொறுக்கித் தொட்டியில் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்து, ஆய்வுக்கூடத்தில் சி.டி. எண்களையும் பார்வோ வகையையும் கேட்டு வாங்குங்கள். ஆன்டிபாடி இல்லாத 6 பன்றிகளுக்கும், தொட்டிக்குக் கடைசியாக வருகிறவற்றில் 4, 5-க்கும் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரை வைத்து ரத்தம் எடுங்கள். அந்தத் தலைச்சன் பன்றியின் சேர்க்கைத் தேதி, ஈன்ற தேதி, உயிருள்ள குட்டி எத்தனை, கருகியவை என்னென்ன அளவு என்று நினைவிருக்கிற வரை எழுதி, பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் இரண்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். திடீரென்று இரண்டு மூன்று பன்றிக்குக் காய்ச்சல் வந்து, காது சிவந்து, தீனியை விட்டால் மட்டும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.